பெர்லினில் பத்து நாள் குடியிருப்பது எப்படி

பெர்லினில் போய் இறங்கிய முதல் ராத்திரி, தங்க வேண்டிய வீட்டு வாசலிலேயே இருபது நிமிஷம் நின்றேன். தெருப் பெயர் கையில் இருந்தது, கதவு எண் இருந்தது, மூன்றாவது மாடி என்ற குறிப்பும் இருந்தது. ஆனால் வாசலில் இருந்த பித்தளைத் தகட்டில் எந்த ஃபிளாட்டுக்கும் எண் கிடையாது. முப்பது பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். வீட்டுக்காரரின் முதல் பெயர் மட்டுமே எனக்குத் தெரியும். நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்த ஒரு பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டதால் உள்ளே போனேன்.

அதனால் கிளம்பும் முன்பே வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெல்லில் என்ன பெயர் இருக்கும்? முன்கட்டா, பின்கட்டா? எந்த மாடி, இடப்பக்கமா வலப்பக்கமா? அந்த ஊரின் பழைய குடியிருப்புகளில் தெருவைப் பார்த்த கட்டடம் ஒன்று, உள்ளே முற்றம், முற்றத்தைத் தாண்டினால் இன்னொரு கட்டடம், சில இடங்களில் அதற்கும் பின்னால் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் கதவு எண் ஒன்றுதான்.

மாடிப்படி விளக்கு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். இருட்டில் மினுக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் மறுபடி எரியும். அழுத்துவதற்கு முன் அது விளக்குப் பொத்தானா, பக்கத்து வீட்டு பெல்லா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு நான் அழுத்தியது பெல்.

இன்னொரு பொறி, தெரு எண். பழைய தெருக்கள் பலவற்றில் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம் என்ற கணக்கே இல்லை. ஒரு பக்கமாக 1, 2, 3 என்று தெருக்கோடி வரை போய், அங்கிருந்து எதிர்ப்பக்கமாகத் திரும்பி வரும், குதிரை லாடம் மாதிரி. 40-க்கு எதிர்வீடு 41 ஆக இருக்காது, 160 ஆகக்கூட இருக்கலாம். கூர்ஃபுர்ஸ்டென்டாம் என்ற பெரிய சாலையில் எண் 11-லிருந்துதான் தொடங்குகிறது. முதல் பத்து எண்கள் இருந்த துண்டு வேறு தெருவோடு போய்விட்டது. திண்டாடாமல் இருக்க வழி, தெருமுனைப் பெயர்ப்பலகையை உற்றுப் பார்ப்பது. அந்தத் துண்டில் எந்த எண் முதல் எந்த எண் வரை இருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஊர்க்காரர் மாதிரி இருக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது, சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியாத ரகசிய இடங்களை. என் அனுபவத்தில் அது வீண் அலைச்சல். ஊர்க்காரர்கள் ரகசிய இடங்களில் உட்கார்ந்திருப்பதில்லை. ரொட்டி வாங்குகிறார்கள், பாட்டில் திருப்பிக் கொடுக்கிறார்கள், குப்பை பிரிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகிறார்கள். அந்த வேலைகளை நீங்களும் செய்யுங்கள், மற்றதெல்லாம் கூடவே வரும். பிராண்டன்பர்க் வாயிலைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேட்டையைத் தேர்ந்தெடுங்கள்

பெர்லின்காரர்கள் தாங்கள் வாழும் நாலைந்து தெருக்களைக் 'கீட்ஸ்' என்பார்கள். நம் வார்த்தையில் பேட்டை. நிர்வாகக் கணக்கில் ஊருக்கு 12 மாவட்டங்கள். ஆனால் மனிதர்கள் வாழ்வது கீட்ஸில்தான். பத்து நாளும் ஒரே கீட்ஸில் தங்குங்கள். நடு ஊரான மிட்டேவில் தங்கினால் சுற்றி எல்லாரும் உங்களைப் போலப் பெட்டியோடு வந்தவர்களாக இருப்பார்கள். நோய்கோல்ன், கிராய்ஸ்பர்க் இரண்டும் இரவிலும் இரைச்சலான பகுதிகள், தூக்கம் முக்கியம் என்றால் யோசியுங்கள். பிரென்ஸ்லவர் பெர்க் குழந்தைவண்டிகளின் ராஜ்ஜியம். வெட்டிங், மோவாபிட் பக்கம் பகட்டு குறைவு. ஃபிரீடெனாவ் அமைதி. எனக்குப் பிடித்தது வெட்டிங். காரணம் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது.

வீடு பார்க்கும்போது நடக்கும் தூரத்தில் நாலு இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்: ரயில் நிலையம், பேக்கரி, சூப்பர்மார்க்கெட், ஒரு 'ஷ்பேட்டி'. ஷ்பேட்டி என்பது நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் பெட்டிக்கடை. வாசலில் ஒரு பெஞ்சும் இருக்கும். குறுகிய நாளுக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்கு பெர்லினில் பதிவு எண் தேவை, விளம்பரத்தில் அது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் காலை, எந்தத் திட்டமும் இல்லாமல் கீட்ஸை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தண்டவாளத்தில் டிராம் ஓடுகிறது என்றால் அநேகமாக நீங்கள் பழைய கிழக்கு பெர்லினில் இருக்கிறீர்கள். மேற்கில் 1967-லேயே டிராமை எடுத்துவிட்டார்கள். 1990-க்குப் பிறகுதான் சில தடங்கள் எல்லை தாண்டி மேற்கே நீண்டன. சாலையின் குறுக்கே இரட்டை வரிசையாகக் கற்கள் பதித்திருந்தால் அதுதான் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பெர்லின் சுவர் நின்ற இடம். நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைக் கல் ஒன்று மின்னினால் குனிந்து படியுங்கள். "இங்கே வாழ்ந்தவர்" என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த வருஷம், நாடு கடத்தப்பட்ட தேதி, பெரும்பாலும் கொல்லப்பட்ட ஊர். நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள், விரட்டப்பட்டவர்கள் நினைவாக குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கியது இது. நான் தங்கிய வீட்டு வாசலில் மூன்று இருந்தன, மூன்றுக்கும் ஒரே குடும்பப் பெயர். 1938-ல் யூதர்களை நாஜிகள் தாக்கிய நாளான நவம்பர் 9 வந்தால் அக்கம்பக்கத்தார் துணியும் பாலிஷும் கொண்டுவந்து இவற்றைத் துடைப்பார்கள்.

டிக்கெட்

கட்டண வட்டங்கள் மூன்று: ஏ, பி, சி. ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலுக்கு உள்ளே ஏ, அதற்கு வெளியே நகர எல்லை வரை பி, எல்லை தாண்டினால் சி. விமான நிலையம் சி-யில் இருக்கிறது. அங்கிருந்து ஏ-பி டிக்கெட்டில் ஏறி மாட்டிக்கொள்வது புதிதாக வருகிறவர்களின் வழக்கமான முதல் தவறு. அன்று ஒரு நாள் ஏ-பி-சி, அப்புறம் ஏ-பி போதும். ஒரு வாரம் தாண்டினால் ஏழு நாள் டிக்கெட் வாங்கிவிட்டுக் கணக்குப் பார்ப்பதை மறந்துவிடுங்கள்.

ஸ்டேஷனில் தடுப்புக் கதவு எதுவும் இல்லை. நேராக உள்ளே போய் ரயிலில் ஏறிவிடலாம். அதை நம்பி ஏமாறாதீர்கள். சாதாரண உடையில் இருக்கும் பரிசோதகர்கள் கதவு மூடியதும் எழுந்து டிக்கெட் கேட்பார்கள். இல்லையென்றால் 60 யூரோ. டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லையென்றாலும் அதே 60. மெஷினில் எடுத்த காகித டிக்கெட்டை பிளாட்பாரத்தில் உள்ள சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், டிராமிலும் பேருந்திலும் பெட்டி உள்ளேயே இருக்கும். "நான் வெளியூர், தெரியாது" என்பது அவர்கள் தினமும் கேட்கும் வசனம். ஒற்றை டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும், ஆனால் ஒரே திசையில்தான், போன வழியே திரும்ப முடியாது. மூன்று ஸ்டேஷன் தூரத்துக்குள் என்றால் 'குர்ட்ஸ்ஷ்ட்ரெக்கெ' என்ற குறுந்தூர டிக்கெட் மலிவு.

வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். மற்ற நாள்களில் இரவுப் பேருந்து. முதல் நாள் களைப்பாக இருந்தால் எஸ்41 வட்ட ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று வந்துவிடுங்கள். 37 கிலோமீட்டர், சரியாக ஒரு மணி நேரம், ஏறிய இடத்திலேயே இறங்கலாம். கடிகாரச் சுற்றில் போவது 41, எதிர்ச்சுற்று 42.

தெருவில் நடக்கும்போது ஒன்று. நடைபாதையின் ஒரு பகுதி சிவப்பாகவோ வேறு கல்லாகவோ இருந்தால் அது சைக்கிளுக்கு. அதில் நின்று வரைபடம் பார்த்தால் பின்னாலிருந்து மணி அடிக்கும், அடுத்து திட்டு விழும். சிவப்பு விளக்கில் யாரும் இல்லையே என்று சாலையைக் கடக்கிறவர்கள் உண்டு, ஆனால் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால் மட்டும் கடக்காதீர்கள். தாய்மார்கள் சும்மா விட மாட்டார்கள்.

கடை, பாட்டில், கல்லா

பேக்கரிக்குள் நுழையும்போது "ஹலோ", வெளியே வரும்போது "ச்சூஸ்". இரண்டும் கட்டாயம். சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. சின்ன ரொட்டிக்கு ஜெர்மனியின் பல இடங்களில் வேறு பெயர், பெர்லினில் 'ஷ்ரிப்பெ'. ஜாம் வைத்த உருண்டைப் பணியாரத்தை வெளியூர்க்காரர்கள் 'பெர்லினர்' என்பார்கள். பெர்லினில் அதற்குப் பெயர் 'ஃபான்கூகென்'. கடைக்காரப் பெண்மணி முகத்தில் சிரிப்பே இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். ஊர்க்காரர்களுக்கு வெடுக்கென்று பேசுவதில் ஒரு பெருமை உண்டு, 'பெர்லின் மூஞ்சி' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளும் அதே நேரத்துக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே "இரண்டு ஷ்ரிப்பெதானே?" என்று கேட்டார், அதே கடுகடுப்போடு.

சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியை விடுவிக்க ஒரு நாணயம் வேண்டும், திருப்பி மாட்டினால் வெளியே வந்துவிடும். பையை நீங்கள் கொண்டுபோக வேண்டும். கல்லாவில் உங்கள் பொருள்களுக்குப் பின்னால் தடுப்புக் கட்டையை வைத்துவிடுங்கள், பின்னால் நிற்பவருக்கு அது ஒரு உபகாரம். பிறகுதான் உண்மையான பரீட்சை. கல்லாக்காரர் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் அம்பு வேகத்தில் தள்ளிவிடுவார். அங்கேயே நின்று அடுக்கிப் பை கட்டக் கூடாது. எல்லாவற்றையும் அப்படியே வண்டியில் வாரிப் போட்டுக்கொண்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு, சுவரோரம் உள்ள மேசைக்குப் போய் நிதானமாக அடுக்குங்கள். முதல் தடவை நான் தக்காளியைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஏழு பேர் மௌனமாக நின்றார்கள். அந்த மௌனத்துக்குத் திட்டே தேவலாம்.

அடுத்தது பாட்டில். தண்ணீரோ பீரோ வாங்கும்போதே விலையோடு 'ஃபான்ட்' என்ற முன்பணத்தையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 25 சென்ட், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8, திரும்ப நிரப்பும் மற்ற பாட்டில்களில் பலவற்றுக்கு 15. ஒயின் பாட்டிலுக்கு இல்லை. கடைக்குள் சுவரில் வட்ட ஓட்டை போட்ட ஒரு மெஷின் இருக்கும். பாட்டிலை அடிப்பக்கம் முன்னே போகும்படி படுக்கவைத்தால் உள்ளே இழுத்து, உருட்டி, பட்டைக் குறியைப் படித்து விழுங்கிவிடும். நசுங்கியிருந்தாலோ லேபிள் கிழிந்திருந்தாலோ துப்பிவிடும், அதனால் காலி பாட்டிலைக் கசக்காதீர்கள். எல்லாம் போட்டு முடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள். தெருவில் குடித்து முடித்த பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அதன் காலடியில் வைத்துவிட்டுப் போவது ஊர் வழக்கம். அவற்றைப் பொறுக்கி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்பதற்காக.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

பணம் கொடுப்பதில் இன்னும் பழைய ஊர்தான். சின்னக் கடைகளில் ரொக்கம் மட்டுமே வாங்குவார்கள். சில இடங்களில் கார்டு மெஷின் இருக்கும், ஆனால் உள்ளூர் வங்கிக் கார்டை மட்டும் ஏற்கும். பையில் எப்போதும் நாற்பது ஐம்பது யூரோ வைத்திருங்கள். சாப்பாட்டுக் கடையில் டிப்ஸை மேசையில் விட்டுவிட்டு வருவதில்லை. பில் 13 யூரோ என்றால் இருபதை நீட்டும்போதே "14" என்று சொன்னால் ஆறு யூரோ தருவார்கள். மிச்சம் வேண்டாம் என்றால் "ஷ்டிம்ட் ஸோ". நோட்டை நீட்டும் நேரத்தில் மட்டும் "டாங்கெ" என்று சொல்லிவிடாதீர்கள். நன்றி, மிச்சத்தை வைத்துக்கொள் என்று அர்த்தமாகிவிடும். நான் மரியாதைக்குச் சொன்னேன், ஏழு யூரோ போயிற்று. அந்தப் பெண் அவ்வளவு மலர்ச்சியாகச் சிரித்ததால் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

காய்கறிக்கு மைபாக்ஊஃபர் கால்வாய்க்கரைச் சந்தை, செவ்வாயும் வெள்ளியும். துருக்கியக் கடைக்காரர்கள் கூவி விற்பார்கள். கடை கட்டும் நேரத்துக்குப் போனால் ஒரு பெட்டி பழம் ஒரே விலை என்று தள்ளிவிடுவார்கள். பத்து நாளில் நான் சமைத்ததெல்லாம் அங்கே வாங்கியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்மார்க்கெட் வரிசை ஏன் அவ்வளவு நீளம் என்று முதல் வாரம் புரியவில்லை. மறுநாள் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சோம்பேறித்தனம் இல்லை, சட்டம். ஜெர்மனி குடியரசானதும் 1919-ல் எழுதிய வைமார் அரசியல் சட்டத்தின் 139-ஆவது பிரிவு ஞாயிறை ஓய்வு நாளாகப் பாதுகாக்கிறது. இன்றைய அரசியல் சட்டமும் தன் 140-ஆவது பிரிவின் வழியாக அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. பால், ரொட்டி, முட்டை எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். மறந்துபோனால் தலைமை ரயில் நிலையத்தில் உள்ள கடை திறந்திருக்கும். கூட்டத்தைப் பார்த்ததும் மறந்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமில்லை என்று தெரியும். பேக்கரிகள் சில மணி நேரம் திறக்கும்.

அன்று சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கண்ணாடி பாட்டிலைக் குப்பைப் பெட்டியில் சத்தத்தோடு போடக் கூடாது. மற்ற நாள்களில் இந்த அமைதி நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை.

அப்படியானால் ஊரே என்னதான் செய்கிறது? காலையில் பழைய பொருள் சந்தை. மௌவர்பார்க் பெரியது, கூட்டம் தள்ளும். பாக்ஸ்ஹாகெனர் பிளாட்ஸ் சின்னது, எனக்கு அதுதான் தோது. மத்தியானம் டெம்பெல்ஹோஃப் மைதானம். 1948-49-ல் சோவியத் படை மேற்கு பெர்லினை முற்றுகையிட்டபோது விமானங்கள் உணவும் கரியும் கொண்டுவந்து இறக்கிய விமான நிலையம் அது. 2008-ல் மூடினார்கள், 2010-ல் வேலியைத் திறந்து மக்களை உள்ளே விட்டார்கள். ஓரங்களில் வீடு கட்டலாம் என்று அரசு திட்டம் போட்டபோது, 2014-ல் வாக்கெடுப்பு நடத்தி ஊர்க்காரர்களே தடுத்துவிட்டார்கள். இப்போது ஓடுபாதை அப்படியே கிடக்கிறது, இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு. வெள்ளைக் கோட்டின்மேல் ஒருவர் சைக்கிளில் பாய் கட்டிக் காற்றோடு பறக்கிறார், பக்கத்தில் ஒரு பாட்டி ரோலர் ஸ்கேட்டில் கை கோத்துப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாகப் போகிறார். புல்வெளியின் நடுவில் கயிறு கட்டி மறித்திருப்பது வானம்பாடிகள் கூடு கட்டுவதற்காக, தாண்டாதீர்கள். ஒரு துணி, ஒரு பாட்டில், கொஞ்சம் பழம் எடுத்துப் போங்கள். இருட்டும் நேரத்தில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள்.

வெயில் காலம் என்றால் ஏரி. எஸ்1 ரயிலில் ஷ்லாக்டென்ஸே, நிலையத்தை விட்டு இறங்கினால் எதிரிலேயே தண்ணீர். ஊ3 சுரங்க ரயிலின் கடைசி நிறுத்தமான குருமெ லாங்கெயில் இறங்கினால் கொஞ்சம் நடை. கரையில் சிலர் துணியே இல்லாமல் படுத்திருப்பார்கள். அது அங்கே வெகுசாதாரணம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நீங்களும் பார்க்காதீர்கள். கேமராவை மட்டும் பையை விட்டு எடுக்கவே கூடாது.

ஏப்ரல் நடுவில் போகிறவர்களுக்கு மட்டும்: போர்ன்ஹோல்மர் பாலத்தருகே, பழைய சுவர் ஓடிய பட்டையில் செர்ரி மரங்கள் பூத்துக்கிடக்கும். ஜப்பானியத் தொலைக்காட்சி நேயர்கள் நன்கொடை திரட்டி அனுப்பியவை. 1989 நவம்பர் 9 ராத்திரி பெர்லினில் முதலில் திறந்த எல்லைச்சாவடி அந்தப் பாலம்தான்.

வீட்டுக்குள்

குப்பை முற்றத்தில். நீலம் காகிதத்துக்கு, பழுப்பு சமையல் கழிவுக்கு, மஞ்சள் அல்லது ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும், கண்ணாடியில் வெள்ளை தனி, நிறக்கண்ணாடி தனி. எதிலும் சேராதது கருப்பில். குழம்பினால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கையில் உள்ளதைக் காட்டிக் கேளுங்கள். பெர்லினில் ஒருவரோடு பேச்சுத் தொடங்க இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை, எல்லாருக்கும் இதில் அபிப்பிராயம் உண்டு.

ஜன்னல் கைப்பிடி கீழே இருந்தால் மூடியது, பக்கவாட்டில் இருந்தால் முழுதாகத் திறக்கும், மேலே திருப்பினால் மேல்பாகம் மட்டும் உள்பக்கம் சாயும். சாய்ந்ததும் ஜன்னல் கழன்றுவிட்டது என்று நினைத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். குளிர்காலத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டுத் தினமும் சில நிமிஷம் முழுசாகத் திறந்து காற்று விடுவார்கள், வீட்டுக்காரர் உங்களிடமும் எதிர்பார்ப்பார்.

நடைபாதையில் அட்டைப்பெட்டி ஒன்றில் புத்தகம், கோப்பை, பழைய ஷூ எல்லாம் கிடந்து, மேலே 'ட்ஸு ஃபெர்ஷெங்கென்' என்று எழுதியிருந்தால் இலவசம், எடுத்துக்கொள்ளலாம். நான் ஒரு காபி வடிகட்டி எடுத்தேன். கிளம்பும்போது அதை அதே மாதிரி ஒரு பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

கிளம்பும் நாள் ஞாயிறு என்றால் சேர்த்துவைத்த பாட்டில்களைச் சனிக்கிழமையே மெஷினில் போட்டுவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். ஞாயிறு காலை ஐந்து பாட்டிலைக் கொண்டுபோய் வாசலை ஒட்டிய குப்பைத்தொட்டியின் காலடியில் வரிசையாக வைத்தேன். மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் ஐந்தும் போயிருந்தன.